இலவச இடத்தில் வைத்த ஊர்ச் சரித்திரம்

1998, 2002 வாக்கில் திருகோணமலை பற்றித் தமிழில் எழுதப்பட்ட இணையப் பக்கம் ஒன்றைக் கூகுளில் தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். "அந்த நேரம் சண்டை, யார் வெப்சைட் செய்தது?" என்று கேட்பீர்கள். செய்தவர்கள் இருந்தார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு கோயிலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பழைய மாணவர் சங்கத்துக்கு என்று பக்கம் போட்டார்கள். கோட்டை விட்டது இரண்டு இடத்தில்: எங்கே வைத்தோம், எந்த எழுத்துருவில் வைத்தோம். அதையே இப்போது முகநூலில் இன்னும் பெரிதாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கருத்து.

முதலில் இடம். டிம் பேர்னர்ஸ் லீ 1989இல் முன்மொழிந்த வலையை, 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் ஆய்வுகூடம் எவரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பக்கம் எழுதுவது அதன்பின் யாருக்கும் முடிந்த காரியம். ஆனால் அதை வைப்பதற்கு 24 மணி நேரமும் ஓடும் ஒரு கொம்பியூட்டர் வேண்டுமே? அந்த இடைவெளியில் 1994இல் வந்ததுதான் ஜியோசிட்டீஸ். தளத்தைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, கல்விக்கு ஏதென்ஸ், சினிமாவுக்கு ஹொலிவூட் என்று பெயர் வைத்து, வீட்டு இலக்கம் மாதிரி ஓர் எண்ணும் தந்து இலவசமாகக் குடியேற்றினார்கள். வருமானம் விளம்பரத்தில். 1999இல் யாகூ அதை 350 கோடி டொலருக்கு மேற்பட்ட பங்குகள் கொடுத்து வாங்கியது. 2009 ஒக்டோபர் 26 அன்று இழுத்து மூடியது. தன்னார்வலர்கள் கூடி முடிந்த அளவை நகலெடுத்ததால் ஒரு பகுதி மிஞ்சியது. யாகூவின் மின்னஞ்சல் விவாதக் குழுமங்களுக்கும் 2020 டிசம்பர் 15 அன்று அதே கதி. தமிழ் இலக்கணச் சண்டைகள் எத்தனை அதோடு போயிற்றோ!

அடுத்தது எழுத்துரு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிஞ்சிய பக்கங்களும் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது இதனால்தான்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், கொம்பியூட்டரைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'திருகோணமலை' என்பது உள்ளே ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற 10 ஆங்கில எழுத்துகள். அதில் யூவும் என்னும் பெரிய எழுத்து. சிறிதாக அடித்தால் 'ரு' வெறும் 'ர' ஆகும், 'கோ' 'கொ' ஆகும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோட் தமிழில் தேடுகிறவருக்கு இந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் அகப்படாது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில்கூட அதற்கென ஒரு பெட்டியில் சரி போட்டு, இன்ஸ்டோல் சீடியையும் கொடுத்தால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். நெட் கஃபேயில் யார் சீடி தருவார்? ஆகவே பாமினியிலேயே ஓடினார்கள்.

இன்னொரு வில்லங்கம். பாமினியில் 'ஈ' என்ற எழுத்து, கணிதத்தில் 'சிறிது' என்று போடும் கோணக் குறியில் உட்கார்ந்திருக்கிறது. அதே குறிதான் இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் கட்டளையைத் தொடங்கி வைப்பது. கட்டளையை முடிக்கும் 'பெரிது' குறி பாமினியில் காற்புள்ளி. நோட்பேடில் நேரடியாக எழுதியவர்களின் பக்கத்தில், 'ஈ'யில் தொடங்கும் சொல் வந்தால் அதிலிருந்து அடுத்த காற்புள்ளி வரை உள்ள அத்தனையையும் பிரவுசர் கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். 'ஈழம்', 'ஈச்சரம்' என்று எழுதாமல் திருகோணமலைச் சரித்திரத்தை எழுத முடியுமா?

மீட்க விரும்புகிறவர்களுக்கு வழி இதுதான். பழைய இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுங்கள். நாட்காட்டி வரும். கடைசித் திகதியில் பெரும்பாலும் மூடல் அறிவித்தலோ விளம்பரப் பக்கமோதான் இருக்கும், பின்னோக்கிப் போங்கள். பக்கம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பாமினி வகை. தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டாப் என்ற வேறு பழைய தமிழ்க் குறியீட்டு முறைகள். திரையில் தெரிவதைக் கொப்பி பண்ணி, சுரதாவின் எழுத்துரு மாற்றி போன்ற ஒன்றில் சரியான வகையைத் தெரிவு செய்து ஒட்டினால் யூனிகோட் கிடைக்கும். அதற்கு முன் ஆங்கிலப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகளைத் தனியே வெட்டி வையுங்கள்; அவையும் தமிழாக மாறி உளறும். வசனம் நடுவில் அறுந்திருந்தால் கண்ட்ரோலும் யூவும் அழுத்தி மூலநிரலைத் திறவுங்கள், விழுங்கப்பட்ட பகுதி அங்கே இருக்கும். சில பக்கங்களில் இந்தக் கோணக் குறிகளை மூலநிரலில் எழுத்துக் குறியீடாக எழுதியிருப்பார்கள்; அங்கிருந்து எடுத்து மாற்றும்போது நடுவில் 'டவ்' என்று வந்தால் அது 'ஈ', 'பவ்' என்று வந்தால் காற்புள்ளி.

சரி, இப்போதைய நிலைமை? நிலாவெளியில் இருந்து மூதூர் வரை கோயில் திருவிழா, மரண அறிவித்தல், பாடசாலை நூற்றாண்டு எல்லாமே முகநூலில். உள்நுழைந்து பார்க்க வேண்டிய பக்கத்தை வேபேக் மெஷின் ஒழுங்காக எடுக்காது. அறிவித்தலைப் படத்துக்குள் எழுதிப் போடும் பழக்கம் பாமினிக்குத் தம்பி முறை: பார்க்கலாம், தேட முடியாது. கும்பாபிஷேகத் திகதியும் நேரமும் படத்தில் இருந்தால், அதே விபரத்தைப் பதிவிலும் 4 வரி தட்டச்சு செய்வதற்கு என்ன கஷ்டம்? போதாததற்கு, ஏற்றும் படத்தை முகநூல் சுருக்கி, எடுத்த திகதி, இடம் போன்ற உட்தகவலையும் கழற்றிவிடும். மூலப் படத்தை வன்தட்டில் வைத்திருக்காத சங்கத்திடம் மிஞ்சுவது சுருங்கிய நகல்தான்.

பக்கத்தை நடத்துபவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அமைப்புகளுக்குள் போய் முழுத் தகவலையும் பதிவிறக்குங்கள். காலம் என்ற இடத்தில் ஆரம்பத்தில் இருந்து என்று மாற்றுங்கள், படத் தரத்தை உயர்வாக வையுங்கள். வடிவம் கேட்கும்போது எச்டிஎம்எல்லைத் தெரிவு செய்யுங்கள். ஜேசன் என்ற மற்ற வடிவத்தை எடுத்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் 3 பைட்டாக உடைந்து, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாகத் தெரியும். திருத்தலாம், ஆனால் நிரல் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். இறக்கும் லிங்க் சில நாளில் காலாவதியாகும், வந்த உடனே இறக்குங்கள்.

சொந்த டொமைன், அதாவது சங்கத்துக்கென்று ஓர் இணைய முகவரிப் பெயர், எடுப்பதே சரி என்பேன். அதிலும் ஒரு பொறி உண்டு. வெளிநாட்டில் உள்ள ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, அவர் ஒதுங்கியதும் புதுப்பிக்க ஆளில்லாமல் போகும். டொட் கொம் போன்ற பெயர்கள், பெயரைப் பதிந்து தரும் பதிவாளரின் சலுகைக் காலம் முடிந்து அழிக்கப்பட்டால், மீட்க 30 நாள், பிறகு மீட்க முடியாத 5 நாள், அதோடு யாரும் வாங்கலாம். வாங்குகிறவர்களில் சூதாட்டத் தளக்காரர் நிறைய. பழைய பெயருக்கு ஏற்கெனவே உள்ள இணைப்புகள்தான் அவர்களுக்கு முதலீடு. எனவே சங்கத்தின் பொது மின்னஞ்சலில் பதியுங்கள், கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும், ஒரே தடவையில் சில வருடங்களுக்குக் கட்டிவிடுங்கள். அச்சு மலர்களை இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்க 2005இல் இருந்து இயங்கும் 'நூலகம்' திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

வேபேக் மெஷினுக்குச் சரியான முகவரி தெரிந்தால்தான் வேலை நடக்கும். அது கிடைக்க நல்ல இடம் 1997க்கும் 2009க்கும் இடையில் வந்த விழா மலர்கள், ஆண்டு மலர்கள், சங்கக் கடிதத் தாள்கள். பின் அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கோணேஸ்வரம், தம்பலகாமம், கிண்ணியா, சம்பூர் என்று எந்த ஊர்ப் பக்கத்தின் முகவரியானாலும் கண்டால் கீழே கருத்தில் போடுங்கள். மலரைப் படமெடுத்துப் போடாமல், முகவரியைத் தட்டச்சு செய்து போடுங்கள்.