படம் வந்த 3 நாளுக்குள் கருத்துச் சொன்னால் வழக்கா?

"புதுப்படத்துக்கு 3 நாள் விமர்சனம் போடக் கூடாது, உயர் நீதிமன்றம் தடை" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு.

2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் அப்படியொரு தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனது உண்மை. ஆனால் இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோரிக்கையையே தீர்ப்பாக்கிப் பரப்புகிறார்கள். முதல் காட்சி முடிந்து வெளியே வந்ததுமே "இரண்டாம் பாதி இழுவை" என்று தாராளமாக எழுதலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விமர்சனத்தோடு சேர்க்கத் திரையைச் செல்போனில் பிடிப்பதுதான் குற்றம். 2023 சினிமாட்டோகிராஃப் (திரைப்பட) திருத்தச் சட்டப்படி 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். பத்து விநாடி ஸ்டேட்டஸுக்காக இந்த வம்பு வேண்டவே வேண்டாம். விமர்சனத்தில் காட்சி தேவையென்றால் அதிகாரபூர்வ டிரெய்லரிலிருந்து சிறு துண்டு எடுங்கள். விமர்சனத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்தக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது.

தியேட்டர் வளாகத்துக்குள் மைக் நீட்ட உரிமையாளர் மறுக்கலாம், அது அவர் இடம். நடிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லலாம். நடிகரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பொய் எழுதினால் அவதூறு வழக்கு வரும்.