அரசியல் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

பேரிடர் வந்ததும் ஆளும் தரப்பிலிருந்து தவறாமல் ஒரு வாசகம் வரும்: "இது அரசியல் பேசும் நேரமல்ல." எந்த நாடானாலும், எந்தக் கட்சியானாலும் இதுதான். எதிர்வரிசைக்குப் போன மறுநாளே அந்த வாசகம் அவர்களுக்கு மறந்துவிடும். நேற்று நண்பர் ஒருவர் எனக்கும் இதையே அறிவுரையாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

புயலை எந்த அரசும் அனுப்புவதில்லை, சரி. ஒடிசாவில் 1999 அக்டோபரில் வீசிய சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் அதே மாநிலத்துக்குப் பைலின் வந்தது. அதுவும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்த புயல்தான். ஆனால் கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். சாவு எண்ணிக்கை இரண்டு இலக்கத்தோடு நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள், ஒத்திகை பார்த்தார்கள், பேரிடருக்கென்றே தனி ஆணையம் வைத்தார்கள். இவையெல்லாம் நிதி ஒதுக்கீட்டில் எடுத்த முடிவுகள். அரசியல் என்பது இதுதானே?

2005இல் கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. குடியரசுக் கட்சி அதிபர் புஷ் ஒரு பக்கம், ஜனநாயகக் கட்சி ஆளுநரும் மேயரும் மறுபக்கம். உதவியை முறையாகக் கேட்கவில்லை என்றது மத்திய அரசு. கேட்டும் வரவில்லை என்றது மாகாணம். புயலில் உடைந்த வெள்ளத் தடுப்புக் கரைகளை முன்பு கட்டியிருந்தது மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை. வண்டி இல்லாத ஏழைகளை ஏற்றிச் சென்றிருக்க வேண்டிய பள்ளிப் பேருந்துகளோ நகரத்திலேயே வரிசையாக மூழ்கிக் கிடந்தன. ஒருவரையொருவர் குற்றம் சாட்டிய விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் உண்மை பேசினார்கள்!

ஓட்டுப் போடும் நம்மையும் விட்டுவைக்க முடியாது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல்களை அலசி 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிவாரணத்துக்குச் செலவழித்தால் ஆளும் கட்சிக்கு ஓட்டு கூடுகிறது. முன்னேற்பாட்டுக்குச் செலவழித்தால் கூடுவதில்லை. இத்தனைக்கும் முன்னேற்பாட்டில் போடும் 1 டாலர், பின்னாளில் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கிறது என்பது அவர்கள் கணக்கு. இடுப்பளவு தண்ணீரில் நின்று பொட்டலம் கொடுப்பவரைப் படம் எடுக்கலாம். தூர்வாரிய கால்வாயை யார் படம் எடுக்கிறார்கள்?

எல்லாம் ஓய்ந்த பிறகு நிதானமாகப் பேசலாமே என்கிறார் நண்பர். புயல் இல்லாத மாதங்களிலும் இதை எழுதியிருக்கிறேன். அவர் உட்பட யாரும் படிக்கவில்லை.