வகுத்தல் கணக்குக்குப் பெயர் பயண நேரமா?

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று நிமிட சுத்தமாகச் சொல்லும் தளங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நியூயார்க்–லண்டன் என்று போட்டால் 5,570 கி.மீ. என்று வரும். அதோடு விட்டால் பரவாயில்லை, புள்ளி வைத்து இன்னும் இரண்டு இலக்கம் போடுவார்கள். அந்தக் கடைசி இலக்கம் வெறும் பத்து மீட்டர்! பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதையே மூன்று, நான்கு கி.மீ. நீளம். இவர்கள் அளப்பது விமான நிலையத்திலிருந்துகூட இல்லை, பாதிப் பேர் ஊரின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அளக்கிறார்கள். அதுவும் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டு. நடுக்கோட்டில் 6,378, துருவத்தில் 6,357 என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?

சரி, தூரம் போகட்டும். அடுத்து வருகிறது பயண நேரம். அந்தத் தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கி.மீ. என்று ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரம் சேர்த்தால் முடிந்தது. போவதற்கும் அதே நேரம், வருவதற்கும் அதே நேரம். மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று அடிக்கிறதே, அது எங்கே போனது? லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் என்றால், திரும்பி வர ஏழுதான். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னால் தள்ளியதில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிட்டது.

வானத்தில் நாடுகள் கதவைச் சாத்துவதும் இவர்களுக்குத் தெரியாது. 2022-ல் ரஷ்ய வான்வழி மூடப்பட்ட பிறகு ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் பின்லாந்து விமானங்கள் ஒன்பதரை மணி நேரப் பயணத்தைச் சுற்றிச் சுற்றிப் பதின்மூன்று மணி நேரமாகப் போகின்றன. நேர்க்கோடு போட்டு வகுப்பவனுக்கு இன்றும் பழைய விடைதான் வரும்.

இதில் மாட்டிக்கொண்டு முழிப்பது யார்? நாம்தான். "நெட்டுல நாலு மணி நேரம்னு போட்டிருக்கே, நீ என்ன ஆறு மணி நேரம்ங்கிற?" என்று மாமா கேட்கிறார். விமானம் கதவைச் சாத்தி, ஓடுபாதைக்கு ஊர்ந்து, வரிசையில் நின்று, போன இடத்தில் இறங்க இடமில்லாமல் வட்டமடித்து நிற்கும் வரை எல்லாம் பயண நேரம்தான் மாமா என்றால், நான் ஏதோ சாக்குச் சொல்வதுபோலப் பார்க்கிறார். (விமான நிறுவனங்களும் தாமதம் வெளியே தெரியாமலிருக்கக் கொஞ்சம் நேரத்தைக் கூட்டித்தான் அட்டவணை போடுகின்றன. அது தனிக் கதை.)

எல்லாவற்றையும்விடக் கொடுமை, நேரடி விமானமே இல்லாத இரண்டு ஊர்களுக்கும் இந்தத் தளங்கள் கூசாமல் நேரம் சொல்வதுதான். விமான நிலையமே இல்லாத ஊருக்குக்கூடச் சொல்கின்றன! நடுவில் ஓர் ஊரில் இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு பெல்ட்டைக் கழற்றி, அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம் நாற்காலியில் தூங்கி வழிவதை எந்த வேகத்தால் வகுப்பது?

விமானங்களின் அட்டவணை வெளியில்தான் கிடக்கிறது. உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்பதும் கிடைக்கிறது. அதைப் பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கம் முழுக்க ஹோட்டல் விளம்பரம் போட இடமிருக்கிறது. நேரடி விமானம் உண்டா இல்லையா என்று ஒரு வரி போட மட்டும் இடமில்லையா?