முதலில் ஒரு பொது ஆய்வுக்கூடம் வேண்டும்

ஒரே வட்டாரத்துச் சர்க்யூட் போர்டு, எலக்ட்ரானிக்ஸ் நிறுவனங்கள் கைகோக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். முழுக்கச் சரி. ஆனால் அது கருத்தரங்கோடு நின்றுவிடக் கூடாது. பல அடுக்கு போர்டில், அடுக்குகளை மின்சாரத்தால் இணைக்கும் துளைகளின் உட்சுவரில் உள்ள செப்புப் பூச்சு ஏறத்தாழ 20, 25 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது மெலிந்திருந்தாலும் மின்சோதனையில் தேறிவிடும். சாலிடரிங் சூட்டில் போர்டு விரியும்போதுதான் விரிசல் விடும். மாதிரியை வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் குறை தெரியும். இந்த வசதியை ஒவ்வொரு சிறு ஆலையும் தனியாக வைத்துக்கொள்வது கஷ்டம், கூட்டாக வைக்கலாம். அப்புறம், செம்பு கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் அப்படித்தான். வடிவமைப்பாளர்களையும் ஆரம்பத்திலேயே பேச்சுக்கு அழையுங்கள். பூச்சு ஒழுங்காக ஏறுவது துளையின் அளவையும் பொறுத்தது, அதை முடிவு செய்வது அவர்கள்தானே.