விளாம்பிசின் நம் வளவிலேயே இருக்கிறது

மரபுக் கலைக்கூடங்கள் நடத்தும் இரண்டு நாள் ஓவியப் பட்டறைகளால் பயனில்லை என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. நான் அப்படி நினைக்கவில்லை.

சென்ற விடுமுறையில் என் மகளை முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப்போனேன். முதல் நாள் காலை முழுவதும் வண்ணமே கொடுக்கவில்லை. தூரிகையைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் தாமரை இதழ் வரைய வேண்டும். நாற்பது, ஐம்பது இதழ்களுக்குப் பிறகுதான் அவளுடைய மணிக்கட்டு இளகியது. பின்னேரம் காவிக்கல்லை அரைத்து, ஊறவைத்த விளாம்பிசினில் குழைத்தார்கள். கண்டிய விகாரை ஓவியங்களிலும் இதே பிசின்தான். மறுநாளே வீடு திரும்பியவள் கிணற்றடி விளாத்தியில் பிசின் தேடினாள். இத்தனை காலம் அந்த மரத்தை நாங்கள் பழத்துக்கு மட்டுமே பார்த்திருக்கிறோம்!

யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்குவின் விடுமுறைக்கால ஓவியர் கழகமும் ஓய்வு நாட்களில்தானே பலரை வரைய வைத்தது?

ஒரேயொரு வேண்டுகோள்: இந்தப் பட்டறைகளை மாங்குளத்திலும் நடத்துங்கள். ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம். நான்கு பக்கமிருந்தும் பிள்ளைகள் வரலாம். ஒரு பாடசாலை மண்டபம் போதும், பிசினை நாங்கள் கொண்டுவருகிறோம்.