ஸ்டீவ் ஆல்பினிக்கு மிக்ஸிங் தெரியாதாம்!

அமெரிக்க ராக் பேண்ட் நிர்வானாவோட மூணு ஸ்டுடியோ ஆல்பத்தையும் வரிசைப்படுத்தி ஒரு பதிவு சுத்துதே, அதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நெவர்மைண்ட் முதலிடம். சரி, வச்சுக்கட்டும். ஸ்டீவ் ஆல்பினி ரெக்கார்ட் பண்ணின இன் யூட்டெரோ கடைசி, அதுவும் முதல் ஆல்பம் ப்ளீச்சுக்குக் கீழே! காரணம் என்னவாம்? "ரெக்கார்டிங் மோசம், குரலே கேட்கல." அதுக்கு லைக் வேற குவியுது.

பொறுமையா ஒரே விஷயம் சொல்றேன். இன் யூட்டெரோ மோசமா பதிவான ஆல்பம் இல்லை. இப்படித்தான் கேட்கணும்னு தீர்மானிச்சுப் பதிவு பண்ணின ஆல்பம்.

நெவர்மைண்ட் எப்படி வந்துச்சு? 1991, வான் நைஸ்ல சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ. தயாரிப்பாளர் புட்ச் விக் கிதாரையும் குரலையும் அடுக்கடுக்கா ஏத்தினார். ஒரே வரியை ரெண்டு தடவை பாட பாடகர் கர்ட் கோபேனுக்கு இஷ்டமில்லை. பீட்டில்ஸ் ஜான் லெனனே அப்படித்தான் பாடினார்னு சொல்லி விக் சம்மதிக்க வச்சார். மிக்ஸ்ல, அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கிற கட்டத்துல, ஆண்டி வாலஸ் கிக், ஸ்நேர் ட்ரம்ஸுக்கு சாம்பிள் (ஏற்கெனவே பதிஞ்சு வச்ச அடிச் சத்தம்) சேர்த்து, ரீவெர்ப் (மெஷின் எதிரொலி) போட்டுப் பளபளப்பாக்கினார். ரேடியோவுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. பின்னாடி கோபேனுக்கே பிடிக்கல. பங்க் ஆல்பம் மாதிரி இல்லை, மோட்லி க்ரூங்கற மெட்டல் பேண்டோட ஆல்பம் மாதிரி இருக்குன்னார்.

இன் யூட்டெரோவுக்கு ஆல்பினியைத் தேடிப் போனதே அதனாலதானே? 1993 பிப்ரவரி, மினசோட்டாவுல பேக்கிடெர்ம் ஸ்டுடியோ. ட்ரம்ஸுக்கு மட்டும் சுமார் 30 மைக். எதுக்கு இத்தனை? பக்கத்துல வச்ச மைக் அடியை எடுக்கும். தள்ளி வச்ச மைக், சுவர்ல பட்டுத் திரும்புற சத்தத்தையும் எடுக்கும். அந்த எதிரொலி மெஷின்ல போட்டதில்லை, அந்த அறையோடது. 'சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்' ஆரம்பத்துல ட்ரம்ஸைக் கேளுங்க, அறையோட அளவே தெரியும். குரலைக் கிதாருக்கு மேல தூக்கி வைக்கல, நடுவுல விட்டார். அது தெரியாம செஞ்ச தப்பு இல்லைங்க, முடிவு!

மிக்ஸுக்கு எடுத்துக்கிட்டது அஞ்சே நாள். சம்பளம் மொத்தமா 1,00,000 டாலர். ராயல்டி வேண்டாம், ப்ளம்பருக்குக் கொடுக்கிற மாதிரி கூலி கொடுத்தா போதும்னு முன்கூட்டியே கடிதம் எழுதின மனுஷன். அவருக்குத்தான் இப்ப நம்ம ஆளுங்க மிக்ஸிங் சொல்லித் தர்றாங்க.

"அப்புறம் ஏன் ஸ்காட் லிட்ங்கற இன்னொரு தயாரிப்பாளரை வச்சு ரீமிக்ஸ் பண்ணாங்க?" வருவீங்கன்னு தெரியும். பண்ணாங்க. 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்'. 12 பாட்டுல ரெண்டு. மிக்ஸுக்கு அப்புறம் கடைசியா மெருகேத்துற மாஸ்டரிங்ல பாப் லட்விக் பேஸை (தாழ்ந்த ஒலியை) தெளிவாக்கி, குரலையும் கொஞ்சம் ஏத்தினார், அதுவும் உண்மை. மிச்சம் பத்து பாட்டு ஆல்பினி மிக்ஸ்தான். போதுமா?

"இரைச்சலா இருக்கே"ன்னா, எதுல கேட்கறீங்க? ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். மிஞ்சுறது கிதாரோட கீச்சு மட்டும்தான். ஒழுங்கான ஹெட்ஃபோன் மாட்டுங்க. ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்டையும் அணைங்க. 'மில்க் இட்' மாதிரி பாட்டுல மெதுவான இடத்தை வச்சு வால்யூம் வைக்காதீங்க, கோரஸ் வந்ததும் காது கிழியும். கோரஸுக்கு வச்சுட்டு முதல்லேர்ந்து கேளுங்க. 2013ல ஆல்பினியே புதுசா மிக்ஸ் பண்ணின பதிப்பும் இருக்கு. எதைக் கேட்டுட்டுத் திட்டறீங்கன்னாவது பாருங்க.

ஆனா இதையெல்லாம் யாருக்குச் சொல்றது? நிர்வானா ஸ்மைலி போட்ட டி-ஷர்ட் போதும், ஹிட்டான ஒரு பாட்டு போதும். மிச்சம் தெரிஞ்சவன் "ஓவர் சீன் போடறான்". போடறேன்ங்க, என்ன இப்போ?

இதைவிட எரிச்சல், அதே கமெண்ட்ஸ்ல இன்னொருத்தர்: 1994ல தற்கொலை பண்ணிக்கிட்ட கோபேனுக்கு இன் யூட்டெரோ முழுக்க மரண வாக்குமூலமாம், 'ஆல் அபாலஜீஸ்' விடைபெறும் பாட்டாம். 'டம்ப்', 'பென்னிராயல் டீ' எல்லாம் 1990லயே எழுதினது. 'ஆல் அபாலஜீஸ்' 1991 ஜனவரி 1ஆம் தேதி சியாட்டில்ல ஏற்கெனவே ஒரு தடவை ரெக்கார்ட் ஆயிடுச்சு. அப்ப நெவர்மைண்டே வெளிவரலை ஐயா!