பீட் கிரேவைப் போஸ்டரிலிருந்து இறக்கிவிடுங்கள்

ஒற்றைக் கையில் மட்டை பிடித்து நிற்கும் பேஸ்பால் வீரரின் படம், கீழே 'இவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?' என்று ஒரு வரி. இதை யாராவது பகிரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மனுஷன் எப்படி ஆடினார் என்று ஒரு வார்த்தை இருக்காது.

அவர் பீட் கிரே. பென்சில்வேனியாவில் நாண்டிகோக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். ஆறு வயதில் வண்டியிலிருந்து விழுந்து, சக்கரத்தில் சிக்கி வலது கை போனது. அதுவரை வலது கைப் பழக்கம். அப்புறம் எல்லாமே இடது கைதான்.

1945இல் ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ் போன்ற நட்சத்திர வீரர்களெல்லாம் இரண்டாம் உலகப் போருக்காக ராணுவத்தில் இருந்தார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆளுக்குத் தட்டுப்பாடு. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி கிரேவை 20,000 டாலருக்கு வாங்கியது. கூட்டம் சேர்க்கத்தான் வாங்கினார்கள் என்று பேச்சு. அந்த எண்ணமும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முந்தைய ஆண்டு மைனர் லீக்கில் (மேஜருக்குக் கீழ்மட்டம்) மெம்பிஸ் அணிக்கு மட்டையில் .333 சராசரி (மூன்று வாய்ப்பில் ஒரு வெற்றிகரமான அடி), 68 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படாமலே ஓட்டப் பாதையின் அடுத்த நிறுத்தத்துக்கு, அதாவது பேஸுக்கு, ஓடிப் பிடிப்பது), சதர்ன் அசோசியேஷன் லீக்கின் சிறந்த வீரர் விருது. சும்மா வேடிக்கை காட்ட வந்த ஆளுக்கு இதெல்லாம் வராது.

மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் அவர் பந்து பிடிக்கிற விதமே தனி. பந்து கிளவுஸில் விழுந்ததும் கிளவுஸை வலது தோளடியில் மிஞ்சியிருந்த குறைக்கையில் இடுக்கி, பந்தை மார்புக்குக் குறுக்கே உருட்டி இடது கையில் எடுத்து எறிவார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் அந்த நொடிக்குள் எதிரணிக்காரன் இன்னொரு பேஸுக்கு ஓடிவிடுவான். முந்தைய ஆண்டு லீக் சாம்பியனான பிரவுன்ஸ் 1945இல் மூன்றாம் இடத்துக்கு இறங்கியபோது சக வீரர்கள் சிலர் அவர்மீது கடுப்பாக இருந்தார்கள். அந்தக் கடுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் 77 ஆட்டம் மட்டுமே ஆடியவர் தலையில் முழுப் பழியையும் போடுவது அநியாயம்.

மட்டையில் .218 சராசரி, ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) ஒன்றுகூட இல்லை. சுமார்தான். ஒரு கையால் வீச ஆரம்பித்த மட்டையை நடுவில் நிறுத்த முடியாது என்பதைப் பந்து வீசும் பிட்சர்கள் கண்டுகொண்டு, வளைந்து வரும் பந்துகளாகப் போட்டார்கள். இரக்கம் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. அப்படியிருந்தும் 234 அட்-பேட்டில் (மட்டை பிடித்த வாய்ப்புகளில்) ஸ்ட்ரைக் அவுட் ஆனது, அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறியது, வெறும் 11 முறை! இந்த எண்ணை ஏன் யாரும் போஸ்டரில் போடுவதில்லை?

போர் முடிந்தது, நட்சத்திரங்கள் திரும்பினார்கள். 1946இல் கிரே டொலிடோவில் மைனர் லீக் ஆடிக்கொண்டிருந்தார். மேஜர் லீக் வாழ்க்கை அந்த ஒரே சீசன்தான். போர்க்காலம் என்பதால் வாய்ப்பு கிடைத்தது, சரி. அதே போர்க்காலத்தில் இரண்டு கையோடு வந்து .218 அடித்த ஒருவரை யாரும் காட்சிப்பொருள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சுமாரான பேட்டர் என்று சொல்லி அடுத்தவரைப் பார்க்கப் போயிருப்பார்கள்.